பொம்பெயி அரங்கக் கலவரம், கி.பி. 59: ஒரு நிகழ்வு ஆய்வு

கி.பி. 59-ஆம் ஆண்டு. நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய இத்தாலிய நகரம் பொம்பெயியில் கிளாடியேட்டர் சண்டை, அதாவது பயிற்சி பெற்றவர்கள் கூட்டத்தின் முன் ஆயுதத்தோடு மோதும் காட்சி, நடக்கிறது. உள்ளூர்க்காரர்கள் திரண்டிருந்தார்கள். கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த நுகேரியாவிலிருந்தும் கூட்டம் வந்திருந்தது. இரு தரப்பும் முதலில் கேலியில் தொடங்கின. கேலி ஏச்சானது, ஏச்சு கல்லெறியானது, கடைசியில் ஆயுதங்கள் வெளியே வந்தன. சொந்த ஊர் என்பதால் பொம்பெயிக்காரர்களின் கை ஓங்கியது. நுகேரியாக்காரர்கள் பலர் வெட்டுக்காயங்களோடு ரோமுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளும் ஏராளம்.

இதை எழுதி வைத்தவர் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கலவரம் நடந்தபோது அவர் சின்னக் குழந்தை. எழுதியது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, தானே ஒரு செனட்டராக, அதாவது ரோமின் ஆட்சிமன்ற உறுப்பினராக, இருந்த நிலையில். செத்தவர் எத்தனை பேர் என்று அவர் எண்ணிக்கை தரவில்லை. ஆகவே இன்று எங்காவது ஓர் எண்ணைப் பார்த்தால் தயங்காமல் தள்ளிவிடலாம். எண்ணைத் தராதவர் காரணத்தை மட்டும் தருகிறார்: ஒன்றுமில்லாத விஷயத்தில் தொடங்கிக் கொடூரமான வெட்டுக்குத்தில் முடிந்ததாம். சிறு ஊர்க்காரர்களுக்கே உரிய வாய்த்துடுக்கு என்று போகிறபோக்கில் ஓர் இடியும் இடிக்கிறார்.

ஒன்றுமில்லாத விஷயம் என்பதைத்தான் நான் நம்பவில்லை. ரோமின் செனட்டும் நம்பவில்லை என்பது அது கொடுத்த தண்டனையைப் பார்த்தால் தெரியும். அதற்குப் போகுமுன் கலவரம் நடந்த அரங்கக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். தகராறின் பாதி அங்கேதான் இருக்கிறது.

கட்டடம் வந்த கதை

பொம்பெயி ரோமானியர்கள் உண்டாக்கிய ஊர் அல்ல. ஆஸ்கன் மொழி பேசிய சாம்னைட் மக்களின் ஊர். கி.மு. 91-இல் இத்தாலியக் கூட்டாளி நகரங்கள் ரோமை எதிர்த்துக் கிளம்பியபோது பொம்பெயியும் சேர்ந்துகொண்டது. கி.மு. 89-இல் தளபதி சுல்லா வந்து முற்றுகையிட்டார். அவருடைய எறிகற்கள் பட்ட குழிகள் வடக்கு மதிலில் இன்றும் தெரிகின்றன. கி.மு. 80-இல் அவர் தன் படையின் ஓய்வுபெற்ற வீரர்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார். ஊரின் பெயர் மாறியது, ஆட்சிமொழி லத்தீனானது. பழைய குடிகளுக்கும் வந்தவர்களுக்கும் வாக்குரிமை உள்ளிட்ட விஷயங்களில் வெகுகாலம் உரசல் இருந்ததை ரோமானிய வழக்கறிஞர் சிசரோ ஒரு நீதிமன்ற உரையில் சொல்கிறார்.

அந்த உரசல் காலத்தில், கி.மு. 70 வாக்கில் எழுந்ததுதான் அரங்கம். அங்கே கிடைத்த கல்வெட்டின் சாரம் இது: குவிங்டியுஸ் வால்கஸ், மார்க்கஸ் போர்கியுஸ் என்ற இரண்டு தலைமை அதிகாரிகள் குடியேற்றத்தின் பெருமைக்காகத் தங்கள் சொந்தப் பணத்தில் காட்சியிடம் கட்டி, அந்த நிலத்தைக் குடியேறிகளுக்கு நிரந்தரமாகக் கொடுத்தார்கள். வால்கஸ் சுல்லாவின் ஆள். நில அபகரிப்பில் கொழுத்தவர் என்று பெயர் எடுத்தவர். ஊரையே பிடித்துக்கொண்டவர்கள் ஊருக்குப் போட்ட முதல் பெரிய விருந்து இந்த அரங்கம் என்று சொன்னால் தப்பில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கி.மு. 73-இல் கபுவா நகரத்துப் பயிற்சிக்கூடத்திலிருந்து தப்பிய ஸ்பார்ட்டகஸும் மற்ற கிளாடியேட்டர்களும் முதலில் பதுங்கிய இடம் வெசூவியஸ் மலை. இரண்டு ஆண்டுகள் இத்தாலியைக் கலக்கிய அந்தக் கிளர்ச்சியை கி.மு. 71-இல்தான் அடக்க முடிந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே மலையடிவாரத்தில், கிளாடியேட்டர் சண்டைக்கென்றே கல்லில் ஒரு கட்டடம். பயம் அவர்களுக்கு இல்லையா, அல்லது பயம் இருந்ததால்தான் கட்டினார்களா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

கிளாடியேட்டர் சண்டைக்கென்று கட்டி இன்றும் நிற்கும் கல் அரங்கங்களில் மிகப் பழையது இதுதான். ரோம் நகரத்திலேயே அப்படி முதல் கல் அரங்கம் கி.மு. 29-இல்தான் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த கொலோசியம் கி.பி. 80-இல் திறந்தது, அதாவது வெசூவியஸ் எரிமலையாக வெடித்துப் பொம்பெயியைப் புதைத்த மறு ஆண்டு. பொம்பெயிக்காரர்கள் ஒருவரும் கொலோசியத்தில் காட்சி பார்த்திருக்க மாட்டார்கள், தப்பிப் போனவர்களைத் தவிர.

முன்மாதிரி இல்லாமல் கட்டியது வடிவத்திலேயே தெரிகிறது. நீள்வட்டமான கட்டடம், நீளம் சுமார் 135 மீட்டர், அகலம் சுமார் 104 மீட்டர். நகரின் தென்கிழக்கு மூலையில், மதிலையும் அதன் மண்மேட்டையும் இரண்டு பக்கம் முட்டாகக் கொண்டு நிற்கிறது. சண்டைக்களத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே சுமார் ஆறு மீட்டர் தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, அந்தச் சரிவின்மேல் இருக்கைகள். செலவும் மிச்சம், மண்ணை அப்புறப்படுத்தும் வேலையும் மிச்சம். களத்துக்கு அடியில் கொலோசியத்தைப் போல நிலவறைகள் கிடையாது. விலங்கு திடீரென்று தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும் வித்தையெல்லாம் இங்கே இல்லை. நீளவாட்டின் இரு முனைகளிலும் உள்ள வாசல்கள் வழியாகத்தான் எல்லாம் உள்ளே வர வேண்டும்.

இருக்கை வரிசைகள் சுமார் 35. களத்தை ஒட்டிய ஐந்து வரிசை பெரிய மனிதர்களுக்கு, நடுவில் பன்னிரண்டு, மேலே பதினெட்டு. கீழ், நடு வரிசைகளுக்கு உட்பாதை வழியாகப் போக வேண்டும். மேல்வரிசைக்காரர்கள் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டிய படிக்கட்டில் ஏறிப் போவார்கள். படங்களில் உடனே கண்ணில் படும் இரட்டைப் படிக்கட்டு அதுதான். பெரிய மனிதரும் கூலிக்காரரும் வாசலிலேயே பிரிந்துவிடுவார்கள். ஆனால் பொம்பெயிக்காரரையும் நுகேரியாக்காரரையும் பிரித்து வைக்க ஏற்பாடு இருந்ததற்குக் கட்டடத்தில் எந்த அடையாளமும் இல்லை. தகுதி பார்த்துப் பிரித்த கட்டடம், ஊர் பார்த்துப் பிரிக்கவில்லை.

இதில் முக்கியமான கணக்கு ஒன்று. அரங்கத்தில் சுமார் 20,000 பேர் உட்காரலாம். பொம்பெயியின் மக்கள்தொகை, பெரும்பாலான மதிப்பீடுகளின்படி, பத்துப் பன்னிரண்டாயிரம். கைக்குழந்தை முதல் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவர் வரை அத்தனை பேரும் வந்தாலும் பாதி இடம்தான் நிறையும். வெளியூர்க் கூட்டத்தை எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் வந்து கூட்டம் சேர்த்தால்தான் காட்சிக்கு மதிப்பு.

காசு போட்டவர்கள்

நுழைவுச் சீட்டு விற்று நடத்திய தொழில் அல்ல இது. ஊரின் பெரும்புள்ளி ஒருவர் தன் கைக்காசைப் போட்டு ஊருக்கு நடத்தும் காட்சி. ஆண்டுதோறும் இரண்டு தலைமை அதிகாரிகளையும், தெரு, சந்தை, கட்டடங்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு துணை அதிகாரிகளையும் ஊர் தேர்ந்தெடுத்தது. பதவிக்கு வருபவர் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது எழுதப்பட்ட சட்டமாகவே சில நகரங்களில் இருந்தது. ஸ்பெயினில் கிடைத்த உர்சோ நகரச் சாசனம் தலைமை அதிகாரி ஒவ்வொருவரும் நான்கு நாள் காட்சி நடத்த வேண்டும், சொந்தப் பணம் 2,000 செஸ்டர்ஸுக்கு (ரோமானிய நாணயம்) குறையக்கூடாது என்கிறது. பொம்பெயி அரங்கத்தின் இருக்கைப் பகுதிகளில் சில, காட்சி நடத்துவதற்குப் பதிலாக அதிகாரிகள் கட்டிக்கொடுத்தவை. அங்கேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய கை என்றால் எப்படியிருக்கும்? ஔலஸ் குளோடியுஸ் ஃபிளாக்கஸ் என்பவரின் கல்லறைக் கல்வெட்டு பட்டியலே போடுகிறது. ஒரு முறை நகரச் சதுக்கத்தில் ஊர்வலம், காளைகள், காளையோடு மோதுவோர், குத்துச்சண்டை. இன்னொரு முறை அரங்கத்தில் முப்பது ஜோடி மல்லர்கள், ஐந்து ஜோடி கிளாடியேட்டர்கள். சக அதிகாரியோடு சேர்ந்து மேலும் முப்பத்தைந்து ஜோடி, காட்டுப்பன்றி, கரடி எல்லாம். செத்த பிறகு நினைவுகூர வேண்டிய சாதனையாக அந்தக் குடும்பம் நினைத்தது இதைத்தான்.

விளம்பரங்கள் ஊர்ச் சுவர்களில் சிவப்பு மையில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. டெசிமஸ் லுக்ரேடியுஸ் சாத்ரியுஸ் வாலென்ஸ், இளவரசர் நீரோவின் நிரந்தரப் பூசாரி, இருபது ஜோடி கிளாடியேட்டர்களை இறக்குகிறார். அவர் மகன் பத்து ஜோடி. ஏப்ரல் 8 முதல் 12 வரை. முறையான விலங்கு வேட்டை உண்டு, நிழலுக்கு மேலே துணி விதானம் உண்டு. கீழே எழுதியவர் தன் பெயரைச் சின்னதாகச் சேர்த்திருக்கிறார்: எமிலியுஸ் கெலர், தனியாக, நிலா வெளிச்சத்தில் எழுதியது. பகலில் தெருவில் நெரிசல் என்பதால் இவர்களுக்கு இரவில்தான் வேலை. வழக்கமாக ஏணி பிடிக்க ஒருவர், விளக்குக்கு ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள். அன்று யாரும் வரவில்லை போலிருக்கிறது. வாலென்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

அரங்கத்துக்கு வெளியே தனி வியாபாரம். வெளிச்சுவரின் வளைவுகளுக்கு அடியில் கடை போட இடம் பிடித்தவர்கள் சுவரிலேயே எழுதி வைத்தார்கள். ஒன்று இப்படிப் போகிறது: துணை அதிகாரிகளின் அனுமதியோடு, அனினியுஸ் ஃபோர்டுனாட்டஸ் இந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். துண்டு போட்டு இடம் பிடிக்கிற காரியம்தான், அதிகாரி ஒப்புதலோடு.

கிளாடியேட்டர்களுக்கும் தனி ரசிகர் கூட்டம் இருந்தது. நுகேரியாவுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு கல்லறைச் சுவரில் யாரோ கீறிய படங்கள் இருக்கின்றன. மார்க்கஸ் அட்டியுஸ் என்ற புதுமுகம், நீரோவின் பயிற்சிக்கூடத்து ஹிலாரஸை வீழ்த்தியிருக்கிறான். ஹிலாரஸ் பதினான்கு சண்டையில் பன்னிரண்டு வெற்றி கண்டவன். தோற்றாலும் உயிரோடு விடப்பட்டான் என்று பக்கத்தில் ஒற்றை எழுத்துக் குறி. அட்டியுஸ் அடுத்து, பன்னிரண்டு சண்டையில் பன்னிரண்டும் வென்ற ரேகியுஸ் ஃபெலிக்ஸையும் சாய்த்தான். இந்தக் கணக்குகளைப் பார்க்கும்போது ஒவ்வொரு சண்டையும் ஒரு பிணத்தோடு முடிந்தது என்ற எண்ணம் அடிபட்டுப் போகிறது. பயிற்சி கொடுத்து வளர்த்த ஆளைச் சாகவிட்டால் முதலாளிக்கு நஷ்டம், காட்சி நடத்தியவருக்கும் செலவு. கொடூரம் இல்லை என்று சொல்ல வரவில்லை. கொடூரத்துக்கும் வரவு செலவுக் கணக்கு இருந்தது என்கிறேன்.

இப்போது 59-ஆம் ஆண்டுக் காட்சியை நடத்தியவருக்கு வருவோம். லிவினேயஸ் ரெகுலஸ். பொம்பெயியின் வாலென்ஸ் போல உள்ளூர்ப் பெரும்புள்ளி அல்ல. ரோம் செனட்டிலிருந்து நீக்கப்பட்டவர். நீக்கிய கதையை முன்பே சொல்லிவிட்டேன் என்கிறார் டாசிட்டஸ், ஆனால் அந்தப் பகுதி நமக்குக் கிடைக்காமல் அழிந்துவிட்டது. தலைநகரில் மரியாதை போனவர் சிறு நகரத்தில் ஆள் சேர்க்கப் பார்த்தார் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் செனட் பிறகு நடந்துகொண்ட விதம் அதற்கு இடம் கொடுக்கிறது.

பகை எங்கிருந்து வந்தது

கலவரத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, கி.பி. 57-இல், அப்போது பேரரசராகிவிட்ட நீரோ நுகேரியாவில் புதிதாக ஓய்வுபெற்ற வீரர்களைக் குடியேற்றி அந்தக் குடியேற்றத்தை வலுப்படுத்தினார். இதையும் டாசிட்டஸே சொல்கிறார், ஆனால் கலவரத்தோடு முடிச்சுப் போடவில்லை. குடியேற்றம் என்றால் நிலம். புதியவர்களுக்கு நிலம் கொடுக்க எங்கிருந்தோ எடுக்க வேண்டும். நுகேரியாவின் எல்லையும் பொம்பெயியின் எல்லையும் அடுத்தடுத்தவை. பொம்பெயியின் நிலத்தில் கைவைத்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. இருந்தாலும் 57-இல் ஒரு ஊருக்குப் பேரரசரின் சலுகை, 59-இல் பக்கத்து ஊரோடு வெட்டுக்குத்து என்ற வரிசையைக் கண்டுகொள்ளாமல் விடுவது சரியாகப் படவில்லை.

அந்த வட்டாரமே அப்போது கொதிநிலையில் இருந்தது. முந்தைய ஆண்டு, கி.பி. 58-இல், அதே வளைகுடாவின் துறைமுக நகரமான புட்டியோலியில் நகர மன்றத்துக்கும் பொதுமக்களுக்கும் தகராறு முற்றிக் கல்லெறி, தீவைப்பு மிரட்டல் வரை போனது. ரோமிலிருந்து ஒரு காவல்படைப் பிரிவையே அனுப்பி, சிலரைக் கொன்று அடக்கினார்கள். பொம்பெயியில் அப்படி ஒரு படை இல்லை. துணை அதிகாரிகளிடம் நகராட்சி அடிமைகள் சிலர் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஊரின் மக்கள்தொகையை விடப் பெரிய கூட்டத்தை ஓரிடத்தில் கூட்டிவிட்டு, அதை அடக்க யாரும் இல்லாமல் நடத்தினார்கள்.

கூட்டத்தினர் இடுப்பில் கத்தியோடு காட்சி பார்க்க வந்தார்கள் என்பதும் சும்மா தாண்டிப்போகிற விஷயமல்ல. கல் அங்கேயே கிடைக்கும். கத்தி வீட்டிலிருந்து வர வேண்டும்.

தீர்ப்பு

அடிபட்டவர்கள் ரோமுக்கே கொண்டுபோகப்பட்டார்கள். சிகிச்சைக்கு மட்டும் அவ்வளவு தூரம் யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை; காட்டுவதற்கும்தான். அந்த மார்ச் மாதத்தில்தான் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவை இதே வளைகுடாக் கரையில் கொல்ல வைத்திருந்தார். கலவரம் அதற்கு முன்பா பின்பா என்று டாசிட்டஸ் தேதி தரவில்லை. எப்படியும் அந்த ஆண்டு வழக்கு விசாரிக்க நீரோவுக்கு ஆர்வம் இருந்திருக்காது. செனட்டிடம் தள்ளிவிட்டார். செனட் ரோமின் உச்ச அதிகாரிகளான இரண்டு கான்சல்களிடம் அனுப்பியது. கான்சல்கள் திரும்பச் செனட்டுக்கே கொண்டுவந்தார்கள். கோப்பு நகர்ந்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் கையெழுத்துப் போட மனமில்லை என்று தோன்றுகிறது.

கடைசியில் வந்த தண்டனை மூன்று. பொம்பெயியில் பத்து ஆண்டுகளுக்கு இந்த மாதிரிக் கூட்டம் நடத்தக் கூடாது. சட்டத்துக்கு மாறாக அமைத்திருந்த சங்கங்கள் கலைக்கப்பட்டன. ரெகுலஸும் கலகத்தைத் தூண்டிய மற்றவர்களும் நாடு கடத்தப்பட்டார்கள்.

கேலிப் பேச்சில் தொடங்கிய கைகலப்புக்கு இந்தத் தண்டனை பொருந்தவே இல்லை. கைகலப்பு என்றால் வெட்டியவர்களைப் பிடித்திருப்பார்கள். இங்கே காசு போட்டவரை நாடு கடத்துகிறார்கள், சங்கங்களைக் கலைக்கிறார்கள். ஆள் திரட்டும் அமைப்பு ஒன்று பின்னால் இருந்தது என்று செனட் முடிவுக்கு வந்திருக்கிறது. அந்தச் சங்கங்கள் எவை என்று டாசிட்டஸ் சொல்லவில்லை. இளைஞர் மன்றங்களா, பேட்டைக் கூட்டங்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வரலாற்றாசிரியர் தன் வாக்கியத்தின் தொடக்கத்தில் அற்பம் என்று சொல்லிவிட்டு, அதே பத்தியின் முடிவில் அதை மறுக்கும் தீர்ப்பைப் பதிவு செய்திருக்கிறார். ரோமின் மேட்டுக்குடிக்குச் சிறு நகர அரசியல் எப்போதும் வாய்ச்சண்டையாகத்தான் தெரியும்.

ஒப்பிட இன்னொரு வழக்கு. கி.பி. 27-இல் ரோமுக்கு வடக்கே ஃபிடேனே என்ற ஊரில் அட்டிலியுஸ் என்ற முன்னாள் அடிமை லாபத்துக்காக மரத்தில் ஓர் அரங்கம் கட்டினார். அடித்தளம் சரியில்லை. நிறைந்த கூட்டத்தோடு இடிந்து விழுந்தது. செத்தவரும் முடமானவரும் சேர்த்து 50,000 என்கிறார் டாசிட்டஸ். செத்தவர் 20,000-க்கு மேல் என்கிறார் இன்னொரு ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ். அப்போது செனட் கட்டட விதி போட்டது: 4,00,000 செஸ்டர்ஸ் சொத்து இல்லாதவர் காட்சி நடத்தக் கூடாது, உறுதி சோதித்த நிலத்தில்தான் அரங்கம் கட்ட வேண்டும். அங்கே சரிந்தது மரம் என்பதால் மரத்துக்கு விதி. பொம்பெயியில் கட்டடத்தின்மேல் கைவைக்கவில்லை. இடிக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை.

ஊர் நிர்வாகமும் ஆட்டம் கண்டதற்கு உள்ளூர்ச் சான்று இருக்கிறது. கெகிலியுஸ் யுகுண்டஸ் என்ற ஏல, கடன் தரகரின் வீட்டில் 1875-இல் ஒரு பெட்டி நிறைய மெழுகுப் பலகைப் பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. சீட்டில் தேதிக்கு அந்த ஆண்டுத் தலைமை அதிகாரிகளின் பெயரைப் போடுவது வழக்கம். பதவியாண்டு ஜூலையில் தொடங்கும்; ஆனால் 59-ஆம் ஆண்டு ஜூலையில் இருந்த இருவர், அந்தப் பதவிக்காலம் முடியுமுன்பே, 60-ஆம் ஆண்டு மே மாதச் சீட்டில் இல்லை. அங்கே வேறு இருவர், அவர்களோடு நீதி வழங்கும் தனி அதிகாரியாகச் செக்ஸ்டஸ் பொம்பெயுஸ் ப்ரோகுலஸ். தனி அதிகாரி வருவது பெரும்பாலும் ஊர் இயல்பாக இல்லாதபோது. கலவரத்துக்குப் பிறகு ஊர் நிர்வாகம் என்ன ஆனது என்று டாசிட்டஸ் ஒரு வரி எழுதவில்லை. கடன்காரரின் கணக்குப் பெட்டியில் அதன் தடம் கிடைக்கிறது.

சுவரில் தொங்கிய பெருமை

1869-இல் பொம்பெயியின் சிறிய வீடு ஒன்றைத் தோண்டியபோது தோட்ட முற்றத்துச் சுவரில் ஓர் ஓவியம் வெளிப்பட்டது. இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரங்கத்தை மேலிருந்து பார்ப்பது போன்ற கோணம். இரட்டைப் படிக்கட்டு தெளிவாகத் தெரிகிறது. மேலே பாதி விரித்த துணி விதானம். களத்துக்குள் சின்னச் சின்ன உருவங்கள் அடித்துக்கொள்கின்றன, இருக்கைகளில் சிலர், வெளியே மரங்களுக்கும் கடைப் பந்தல்களுக்கும் நடுவில் சிலர். வலப்பக்கம் நடுவில் குளத்தோடு கூடிய பெரிய விளையாட்டுத் திடல், அரங்கத்துக்குப் பக்கத்தில் இன்றும் அங்கே இருப்பது. கிளாடியேட்டர்களே இல்லாத அரங்கக் காட்சி. சண்டை போடுவதெல்லாம் பார்வையாளர்கள்.

ஓவியர் திடலின் சுவரில் எழுத்துகளையும் வரைந்திருக்கிறார். லத்தீனில் லுக்ரேடியுஸுக்கு வாழ்த்து. கிரேக்க எழுத்தில் சாத்ரியுஸ் வாலென்ஸுக்கும் நீரோவுக்கும் வாழ்த்து. நிலா வெளிச்சத்தில் எமிலியுஸ் கெலர் எழுதிய விளம்பரத்தின் அதே வாலென்ஸ். கலவரக் காட்சிக்குள் அந்த ஊரின் பெரிய புரவலரின் பெயர் ஏன் வருகிறது? ஓவியர் கண்ணில் அது ஊரின் வழக்கமான சுவரெழுத்து, நிஜம் போல இருக்கட்டும் என்று சேர்த்திருக்கலாம். அல்லது அன்றைக்கு நகரத்தின் தரப்பு எது என்று சொல்ல விரும்பியிருக்கலாம். எனக்கு இரண்டாவதின் பக்கம்தான் சாய்வு.

எப்படியோ, கொலையும் பத்தாண்டுத் தடையும் கொண்டுவந்த ஒரு நாளை வீட்டுக்காரர் காசு கொடுத்துத் தன் முற்றத்தில் வரைய வைத்திருக்கிறார். அதே முற்றத்தில் கிளாடியேட்டர் படங்களும் இருந்தன. வெட்கப்பட்டவர் செய்கிற காரியமல்ல இது.

இன்னொரு வீட்டில் ஒரு கிறுக்கல்: கையில் வெற்றிப் பனையோலையோடு ஓர் உருவம் படியிறங்குகிறது, கீழே எழுத்து: கம்பானியர்களே, இந்த வெற்றியில் நுகேரியாக்காரர்களோடு நீங்களும் ஒழிந்தீர்கள். கம்பானியர் என்பது பொம்பெயியின் ஒரு பேட்டைக்காரர்களைக் குறிக்கும் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் பொம்பெயிக்குள்ளேயே கட்சி பிரிந்திருந்தது, தண்டனையைப் பார்த்து உள்ளூரிலேயே ஒருவர் சிரித்திருக்கிறார்.

தடைக்குப் பிறகு

தடை எவ்வளவு கண்டிப்பாக இருந்தது? விளம்பரங்களே சொல்கின்றன. தலைமை அதிகாரி கிளாடியுஸ் வெருஸ் நீரோவின் நலனுக்காகப் பிப்ரவரி 25, 26-இல் காட்சி அறிவிக்கிறார். விலங்கு வேட்டை, மல்லர்கள், கூட்டத்தின்மேல் நறுமண நீர் தெளிப்பு. கிளாடியேட்டர் என்ற பேச்சே இல்லை. அவர் பதவியிலிருந்த காலத்தை வைத்து ஆண்டு 62 என்று கணக்கிடுகிறார்கள். கரடியைக் குத்தலாம், மனிதர்கள் மோதுவதுதான் கூடாது.

அதே 62-ஆம் ஆண்டில்தான், டாசிட்டஸ் கணக்குப்படி, பெரிய நிலநடுக்கம். அந்தக் காலத்தில் வாழ்ந்த தத்துவ எழுத்தாளர் செனெகா 63 என்கிறார். தேதி பிப்ரவரி 5. ஆண்டு 62 என்றே வைத்துக்கொண்டால் வெருஸின் காட்சிக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஊரே தரைமட்டமான நிலையில் அது நடந்ததாகக் கற்பனை செய்வது கஷ்டம். அரங்கமும் விரிசல் கண்டது. உட்பாதை வளைவுகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். இன்று நடந்து போனாலும் தெரியும். வடக்கு நுழைவுப் பாதையின் இரண்டு மாடங்களில் குஸ்பியுஸ் பன்சா என்ற தந்தை, மகன் இருவருக்கும் சிலை வைத்தார்கள். பழுதுபார்ப்புக்குக் கொடுத்த பணத்துக்காக இருக்கும் என்பது பொதுவான கருத்து. தந்தை பன்சாவும் ப்ரோகுலஸைப் போல நீதி வழங்கும் தனி அதிகாரியாக இருந்தவர் என்கிறது அவர் கல்வெட்டு.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எல்லாவற்றையும் மூடியது. 1748-இல் தோண்டத் தொடங்கியவர்கள் முதலில் தட்டிய இடங்களில் இந்த அரங்கமும் ஒன்று; மறுபடி மூடிவிட்டார்கள். 1813-க்கும் 1816-க்கும் இடையில்தான் முழுதாக வெளியே வந்தது. களத்தைச் சுற்றிய தடுப்புச் சுவர் முழுக்க வண்ண ஓவியங்கள் இருந்தன: ஆயுதம் தரிக்கும் கிளாடியேட்டர்கள், காளையும் கரடியும். திறந்த சில மாதங்களிலேயே வெயிலிலும் பனியிலும் உதிர்ந்து போயின. அவசரமாகப் பிரதி எடுத்த வரைபடங்கள்தான் மிச்சம். பதினேழு நூற்றாண்டு சாம்பலுக்கடியில் பத்திரமாக இருந்தது, ஒரு குளிர்காலத்தைத் தாங்கவில்லை.

நுகேரியா தரப்பு

ஒரு கட்சியின் வாக்குமூலம் இதுவரை வரவே இல்லை. பொம்பெயியைப் போல நுகேரியா சாம்பலுக்கடியில் அப்படியே நிற்கவில்லை. அதன் பெரும்பகுதி இன்றைய நொசேரா ஊர்களுக்கு அடியில் கிடக்கிறது, சுவர்க் கிறுக்கல் எதுவும் கைக்கு வரவில்லை. அவர்கள் சார்பாகப் பேசும் வரி கிடைத்தது பொம்பெயியில்தான், அதுவும் ஊரின் பேர்பெற்ற விலைமாதர் விடுதியின் சுவரில். புட்டியோலிக்கு வாழ்த்து, நுகேரியாக்காரர்கள் எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும், பொம்பெயிக்கும் பித்தேகூசே தீவுக்கும் கொக்கி விழட்டும் என்று எழுதியிருக்கிறது. மரண தண்டனை பெற்றவர்களின் பிணத்தைத் தெருவில் இழுத்துப் போகும் கொக்கி அது. எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. பொம்பெயிக்காரர்கள் யாரும் அதை அழிக்கவும் இல்லை.